சும்மா வந்தவர்கள்

சட்டமன்ற உறுப்பினர் ராஜகனியின் வீட்டு முன்கூடத்தில் அன்று காலை ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சும்மாதான் வந்திருந்தார்கள்.

ராஜகனியின் கழுத்தில் புளியங்கொட்டை அளவில், பேச்சைப் பதியும் செவிமணி தொங்கியது. யாராவது அவரிடம் எதையாவது கேட்டால் போதும். கேட்டவர் யார், கேட்டது என்ன, அவரோ அவர் நிறுவனமோ கட்சிக்குக் கொடுத்த நன்கொடை என்ன என்பதெல்லாம் அடுத்த நொடியே வெளிச்சவலை என்ற பொதுப் பதிவேட்டுக்குப் போய்விடும். தெருமுனைப் பலகைகளில் ஊரே அதைப் படிக்கும். முன்பு இந்தக் கணக்குகள் காகிதக் கட்டுகளாக வந்து, யாரும் பிரிக்காமலே செல்லரித்துப் போயின. வெளிச்சவலை வந்ததும் இனி ஒளிக்க இடமில்லை என்று தூத்துக்குடியே நம்பியது.

ஆனால் வலை வந்த வேகத்தில் ஊர் வாய்விட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டது.

“என்ன விசயமா வந்திய?” என்றார் ராஜகனி.

“சும்மாதான் மேடம். இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு.” மின்கல ஆலை நிறுவனத்தின் கிருபாகரன் டீயைக் குடித்தார், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார், கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசல் பலகையில் ‘கோரிக்கை இல்லை’ என்று பச்சை எழுத்து ஓடியது.

கூடத்தின் மூலையிலிருந்து செவ்வந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் வெளிப்படை வாரியத்தின் கண்காணிப்பு வேலை, மாலையில் சட்ட வகுப்பு. கிருபாகரன் எதற்கு வருகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்பா சுடலைமுத்துவின் சங்கம் உப்பு வாரும் அளத்தின் அரசுக் குத்தகை அடுத்த மாதம் முடிகிறது. அந்த நிலம்தான் ஆலைக்கு வேண்டும். ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தச் சேதி வெளிச்சவலைக்கு மட்டும் தெரியவில்லை.

அவள் உள்ளறிவி என்ற புதுப் பொறிக்கான விதியை எழுதினாள். வந்தவருடைய தொழில், நிலம், கடன், நன்கொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அவர் சொல்லாமல் விட்ட கோரிக்கையை அந்தப் பொறி கணித்துச் சொல்லும்.

வாரிய மேலாளர் ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, ஒருத்தன் வாயத் தொறக்காததை அவன் சொன்னதாப் போடலாமா?”

“சொன்னதா போடல சார். வேண்டுவதுன்னு தனியாப் போடுவோம்.” சொல்லிவிட்டாளே தவிர, வகுப்பில் உட்கார்ந்தபோதும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. விதியை முதலிலிருந்து மறுபடி படித்தாள். தப்பு எதுவும் தட்டுப்படவில்லை.

உள்ளறிவி வேலையைத் தொடங்கிய நாளில் பலகை சிவந்தது. ‘கிருபாகரன். சொன்னது: ஒன்றுமில்லை. வேண்டுவது: உப்பள நிலம்.’ உப்பளத்துக்காரர்கள் பலகைக்கு முன்னால் வெடி வெடித்தார்கள். சுடலைமுத்து மகளுக்கு மக்ரூன் வாங்கிவந்தார்.

கிருபாகரன் அசரவில்லை. அடுத்த முறை வந்ததும் உரத்த குரலில், “மேடம், பஸ் ஸ்டாப்புல ஒரு நிழற்குடை போட்டுக் குடுங்க” என்று கேட்டுவிட்டுப் போனார். வாயால் கேட்டுவிட்டதால் பலகையும் நிழற்குடையையே காட்டியது. செவ்வந்திக்கு ஆத்திரம் பொங்கியது. அன்றே இன்னொரு விதியைச் சேர்த்தாள்: சொன்னதும் கணித்ததும் வேறுபட்டால், கணித்ததையே நம்புக.

குத்தகை முடிவு நெருங்கியது. சங்கத்தின் சார்பில் ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டு வரும்படி சுடலைமுத்துவை எல்லோரும் அனுப்பினார்கள்.

“போயிட்டு வாங்க, ஆனா எதையும் கேட்டுராதீங்கப்பா” என்றாள் செவ்வந்தி. “வாயால கேட்டா, மக வாரியத்துல இருக்கான்னு அதையும் சேத்துப் போட்டுரும். அப்புறம் குத்தகையே சந்தேகமாயிரும்.”

“எனக்கென்ன கேக்கத் தெரியும்? சும்மா நின்னுட்டு வாறேன்.”

அவர் நின்றார். ராஜகனி கேட்டதற்கு, “சும்மாதான் தாயி, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். உள்ளறிவி அவருடைய வயதைப் பார்த்தது. முழங்கால் வலிக்கு அவர் வாங்கும் மாத்திரையையும், வீட்டுக் கடனையும், படிக்கும் மகளையும் பார்த்தது. பலகை எழுதியது: ‘சுடலைமுத்து. சொன்னது: ஒன்றுமில்லை. வேண்டுவது: நிலத்தை விட்டுக்கொடுக்க நல்ல இழப்பீடு.’

ராஜகனியின் முகம் மலர்ந்தது. “அட, நீங்களும் கிருபாகரனும் ஒரே காரியத்துக்குத்தான வந்திருக்கிய! நான் சொல்லல, வாரியமே சொல்லுது.”

செவ்வந்தி ஜெபராஜிடம் ஓடினாள். “சார், அந்த விதிகளை எடுத்துரலாம். தப்பாக் கணிக்குது.”

ஜெபராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. “கிருபாகரன் பேரு வந்தப்போ சரியாக் கணிச்சுது. உங்கப்பா பேரு வந்ததும் தப்பாக் கணிக்குதா? இப்ப நீ எங்கிட்ட வந்து கேக்கிறியே, இதை எந்தப் பலகையிலம்மா போடுறது?”

அன்று மாலை அவள் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “நாளைக்குப் போய் வாய்விட்டுக் கேளுங்கப்பா. என் வேலை போனாலும் போகட்டும்” என்றாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. கிருபாகரனும் இருந்தார். சுடலைமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ராஜகனியின் முன்னால் போய் நின்றார். செவிமணி வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் மனசில் இருப்பதை வாய்விட்டுக் கேட்டதில்லை.

“தாயி, நான் சும்மா வரல. கேக்கத்தான் வந்திருக்கேன். அளத்த எங்களுக்கே விட்டுருங்க. எங்களுக்குப் பணம் வேண்டாம். அங்கதான் நாங்க வேல பாக்கணும்.”

கூடத்தில் எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். அது சற்று நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

‘சுடலைமுத்து. சொன்னது: உப்பளம் எங்களுக்கே வேண்டும். வேண்டுவது: கூடுதல் இழப்பீடு.’

“பேரம் பேசுதியளோ அண்ணாச்சி? அதுக்கென்ன, சேத்துத் தரச் சொல்லுவோம்” என்று ராஜகனி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கிருபாகரன் எழுந்து, பெரியவர் உட்காரட்டும் என்று தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

சுடலைமுத்து உட்காரவில்லை. பலகையை இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். கை தானாக முழங்காலைத் தடவியது. பிறகு மூலையில் நின்ற மகளிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

“ஏட்டி, நான் உள்ளுக்குள்ள அப்படியா நெனைக்கேன்? நீதான செஞ்ச, உனக்குத் தெரியுமில்ல?”