கை படாத நேரம்

கம்ப்யூட்டர் திரையில் ஓடிய பச்சைக் கோடு சீராக ஏறி இறங்கி, பாதியில் திக்கி நின்று, பிறகு மெல்ல ஏறியது. அந்தத் திக்கலை எங்கோ கேட்டதுபோல் இருந்தது கண்ணாடிக் கடைக்காரருக்கு. கண்ணால் பார்க்கிற கோட்டைக் காதால் கேட்டதுபோல் இருப்பது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து மனைவிக்குத் துணையாக இருப்பது அவர் வழக்கம். பக்கவாதம் வந்து உள்ளறையில் படுக்கையாகக் கிடந்தாள். அவருக்கு அழுகையெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது. மனசு மரத்துப்போன கால் மாதிரி கூடவே வந்துகொண்டிருந்தது. வானத்துப் பைத்தியம் மட்டும்தான் மிச்சம். தொலைநோக்கியைப் பரண்மேல் போட்ட பிறகு, கம்ப்யூட்டராவது உதவட்டும் என்று வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் விஞ்ஞானிகளின் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தார். விண்வெளியிலிருந்து பிடித்த ரேடியோ அலைகளைத் துண்டு துண்டாக அனுப்புவார்கள். யாரும் தொடாத நேரத்தில் கம்ப்யூட்டர் அவற்றைப் பச்சைக் கோடாகத் திரையில் ஓடவிட்டு, சலித்துத் திருப்பி அனுப்பும். மவுஸில் கை பட்டால் வேலை நின்றுவிடும். “வானத்துல ஆள் தேடுறவருக்கு அலமாரியில சட்டை தேடத் தெரியல” என்று, பேச்சு இருந்த காலத்தில், மனைவி சிரிப்பாள்.

கோடு திக்கியது. உள்ளறையில் அவள் மூச்சும் திக்கியது.

மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை வந்த திசையில் காதைக் கொடுத்து, கம்ப்யூட்டர் விசிறியின் உறுமலை விலக்கி விலக்கிக் கேட்டார். கோடு ஏறும்போது மூச்சு ஏறியது. இறங்கும்போது இறங்கியது.

மவுஸைத் தொட்டார். கோடு நின்றது. மூச்சும் நின்றது.

கையை வெடுக்கென்று எடுத்தார். உள்ளே ஒரு இழுப்பு. மூச்சு வந்தது.

வேலை முடிந்த அளவைக் காட்டும் பட்டை கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. தொட்டால் இப்போதே போய்விடுவாள். தொடாவிட்டால் அது நிரம்பும்போது போய்விடுவாள்.

அவளைப் பார்க்க தினமும் வந்துபோகும் நர்ஸுக்குப் போன் செய்தார். மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

“பக்கத்துலயே உட்காருங்க சார். கையைப் பிடிச்சுக்கோங்க. வந்துடுறேன்.”

போகவேண்டும் என்று தெரிந்தது. கால் எழவில்லை. வெட்கமாக இருந்தது. பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரம்பியது. அனுப்பப்பட்டது என்றது திரை. உள்ளே சத்தமில்லை.

“போயிட்டியா?” என்றார். அழுகை வரவில்லை.

அடுத்த துண்டு வந்து சேர்ந்தது. கோடு ஏறியது. இன்னும் ஏறியது. இறக்கமே இல்லை.

உள்ளறையில் மூச்சு இழுக்கும் ஓசை. விடவில்லை. மேலும் இழுத்தது. மேலும்.

கட்டில் முனகியது. தரையில் பாதம் பட்டது.

மவுஸை இறுக்கிப் பிடித்தார். கோடு நின்றது.

இழுப்பு நிற்கவில்லை.

உள்ளறை வாசலின் திரைச்சீலை அந்தப் பக்கமாக இழுபட்டு, அதன் பின்னால் நின்ற அவள் முகத்தோடு ஒட்டியது. வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.