நொடி பார்த்துச் சொன்ன பதில்

"காப்பி வேணுமா?" என்று டெல்ஃபின் கேட்டாள். அவள் கணவன் ரீனோ முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகுதான் "வேண்டாம்" என்றான்.

கல்யாணமான பதினொரு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காப்பியை அவன் மறுத்ததே இல்லை. வயிறு சரியில்லையோ என்று விட்டுவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை "வேணும்" என்றபோதும், புதன்கிழமை மறுபடி "வேண்டாம்" என்றபோதும் அதே பார்வை. மணி எத்தனை என்று பார்ப்பவனுடைய பார்வை இல்லை அது. மணிக்கட்டைத் திருப்பி, ஒரே ஒரு கணம், நொடிமுள் எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொள்பவனுடையது.

கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கத்தில் ஆட்குறைப்பு நடந்த வருஷத்திலிருந்து ரீனோ வீட்டு நிலவறையில் உட்கார்ந்து இணையத்தில் பணம் கட்டிப் போக்கர் சீட்டாடிப் பிழைப்பவன். முன்பெல்லாம் அவன் கீழே ஆடுவது தெருவுக்கே கேட்கும். மேசையைக் குத்துவான், ஃபின்னிஷில் வண்டை வண்டையாகத் திட்டுவான், படிக்கட்டில் பாதி ஏறிவந்து கத்துவான்: "டெல்ஃபின், கேட்டியா? கையில ஒண்ணுமே இல்லாம அந்தப் பய என்னை மிரட்டிப் பாத்தான். நான் அசருவேனா!"

பிறகு மேசைகள் மாறின. குடித்துவிட்டு ஆடுகிறவர்களும் பொழுதுபோக்க வந்த பல் டாக்டர்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போக, முகம் தெரியாத, தப்பே செய்யாத எதிராளிகள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரிடமும் ஒரு கணினி நிரல் இருந்தது. இந்தச் சீட்டு வந்தால் நூற்றுக்கு இத்தனை தடவை பந்தயம் கட்டு, இத்தனை தடவை விட்டுவிடு என்று அது கணக்குச் சொல்லும். ஆடும்போது அதைத் திறக்கக் கூடாது. ஆடாத நேரத்தில் படித்துக்கொள்ளலாம். ரீனோவும் ஒன்று வாங்கினான். இலையுதிர்காலம் முழுக்க நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தான்.

அதன்பிறகு கீழேயிருந்து திட்டு வரவில்லை. கணப்பின் இரைச்சலும், ஈரக் கம்பள வாடையும், அவற்றுக்கு நடுவே பொத்தானை அழுத்துகிற 'டிக்' என்ற ஓசையும் மட்டும் படியேறி வந்தன. ஒரு மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டே டெல்ஃபின் எண்ணிப் பார்த்தாள். இரண்டு டிக்குகளுக்கு நடுவே எப்போதும் நான்கு நொடி. ஐந்தும் இல்லை, மூன்றும் இல்லை.

ஆடுவது இவன் இல்லை, நிரல்தான் என்று அன்றைக்கு அவளுக்குச் சந்தேகம் விழுந்தது.

அடுத்த வாரம் போக்கர் தளத்துக்காரர்களுக்கும் அதே சந்தேகம். ரீனோவின் கணக்கை முடக்கிவிட்டு எழுதியிருந்தார்கள்: ஒரு மணி நேரம் ஆடுங்கள், திரை, கை, அறை எல்லாம் தெரிகிற மாதிரி இடைவெட்டில்லாமல் படம் எடுத்து அனுப்புங்கள்.

செல்பேசியைப் பிடித்துக்கொண்டு டெல்ஃபின்தான் எடுத்தாள். மேசைக்கடியில், அலமாரிக்குப் பின்னால், அவன் காதுக்குள்கூட நுழைந்து பார்த்தது அந்த லென்ஸ். இரண்டாவது திரை அகப்படும், திருட்டுத்தனம் வெளிப்படும், நன்றாகச் சண்டை போட்டு அழுது தீர்த்துவிடலாம் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் இல்லை. மணிக்கட்டு திரும்பியது. டிக். பெரிய ஆட்டம் ஒன்று கைவிட்டுப் போனது. அவன் முகத்தில் ஒரு நரம்புகூட ஆடவில்லை. டிக்.

நான்கு நாளில் பதில் வந்தது. 'ஆடுவது மனிதரே என்று உறுதி செய்துகொண்டோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அதைப் படித்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"எதுக்கு அந்தக் கடிகாரத்தைப் பாக்கற?" என்று கேட்டுவிட்டாள்.

"ஒரே சீட்டை எப்பவும் ஒரே மாதிரி ஆடினா எதிராளி நம்மளப் படிச்சிடுவான். நூத்துக்கு எழுபது தடவை ஒண்ணு, முப்பது தடவை இன்னொண்ணு. எது எப்போன்னு நாமே முடிவு பண்ணா அதுலயும் பழக்கம் ஒட்டிக்கும். அதான் முள்ளைக் கேக்கறேன். நாப்பத்திரண்டு நொடிக்குள்ள நின்னா ஒண்ணு, தாண்டிட்டா இன்னொண்ணு."

"காப்பிக்குக்கூடவா? நான் என்ன உன் எதிராளியா?"

ரீனோ கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கீழே இறங்கிப் போனான்.

வியாழக்கிழமை பனிப்புயல். தான் வேலை பார்க்கும் நூலகத்தை நான்கு மணிக்கே மூடிவிட்டு டெல்ஃபின் வீடு வந்தாள். பின்வாசல் படியில் ஒரு வெள்ளை மூட்டை கிடந்தது. நெருங்கியதும் அது நடுங்கியது. அவர்களுடைய கிழட்டு நாய் ஹில்டா. கதவில் பிராண்டிய கோடுகள்; அதன் நகங்களில் ரத்தம் உறைந்திருந்தது.

கண்ணாடிக்கு உள்பக்கம், இரண்டடி தூரத்தில், ரீனோ நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நாயை வாரிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? திறந்து விட வேண்டியதுதானே!"

"பெரும்பாலும் திறப்பேன்."

"செத்திருக்கும்டா அது!"

"ஒவ்வொரு தடவையும் திறந்தா," என்றான் பொறுமையாக, "அதுக்கு என்னைத் தெரிஞ்சு போயிடும்."

அவள் நாயைக் கம்பளியில் சுற்றினாள். அக்கா வீடு காரில் இருபது நிமிஷம். சாலை திறந்திருந்தாலும் சரி, மூடியிருந்தாலும் சரி, போய்விடுவது. வந்ததும் அடுப்படியில் வீசிய கார்ச் சாவியைத் தேடினாள். காணவில்லை.

"கீழே வச்சிருக்கேன்," என்றான் ரீனோ. "மேசை மேல."

இறங்கினாள். கணப்பு நின்றிருந்தது. ஈரவாடை. சாவி திரைக்கு அருகே கிடந்தது. எடுத்தாள். திரையில் அந்த நிரல் திறந்திருந்தது, கிளை கிளையாக, அவன் இரவும் பகலும் படித்தது. கிளைகளில் சீட்டுகள் இல்லை. எழுத்துகள் இருந்தன.

காப்பி கேட்கிறாள்.

சந்தேகப்படுகிறாள்.

நாய்க்காகக் கத்துகிறாள்.

சாவி எடுக்க வருகிறாள்.

கடைசிக் கிளைக்குக் கீழே ஒரு பட்டை. நீளமாய்ப் பச்சை. 'போக விடு: 97.' ஓரத்தில் நூல் மாதிரி ஒரு சிவப்பு. அதன் பக்கத்தில் 3 என்ற எண் மட்டும். என்ன செய்வதென்று எழுதவில்லை.

படி கிறீச்சிட்டது.

கடைசிப் படியில் ரீனோ. வழியை அடைத்து நின்றான். கோபமில்லை. வருத்தமில்லை.

"ரீனோ. நான் போகணும்."

மணிக்கட்டைத் திருப்பினான்.

ஒரு கணம்தான் பார்ப்பான். எப்போதும் ஒரே ஒரு கணம். எந்த எண் வந்ததோ அதுதான்.

இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

நான்கு நொடி. பத்து. இருபது. அவன் உதடுகள் முள்ளோடு சேர்ந்து அசைந்தன. மாதக்கணக்கில் அசையாத அந்த முகத்தில், ஆசை போல ஏதோ ஒன்று மெல்ல ஊறி வந்தது. முள் சுற்றிக்கொண்டிருந்தது. தனக்கு வேண்டிய இடத்துக்கு அது வரட்டும் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான்.