சுஜீவாவின் ஓம்

சுஜீவா வாய் திறக்கவே இல்லை. ஆனாலும் வேலைக்காக மாட்டியிருந்த காதுக்கருவியில் "ஓம்" என்று கேட்டது. அவளுடைய குரலேதான்.

அசதியாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு ஷிஃப்டைச் சேர்த்துப் பார்ப்பவளிடம் சுவர் பேசினால்கூட அதிசயமில்லை. ரோவில் என்ற அந்த வெளிநாட்டுப் புறநகரில் இருந்த முதியோர் இல்லத்தின் ஜன்னல்களில் மாலை ஐந்து மணிக்கே குளிர்கால இருட்டு அப்பியிருந்தது. கிருமிநாசினி நெடியும் யாரோ பாதியில் வைத்துவிட்ட பூசணி சூப்பின் வாசனையும் நடைவழியில் கலந்து கிடக்க, ஏழாம் அறையில் கதிர்காமநாதன் அங்கிளின் ஒட்சிசன் மெஷின் புஸ், புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது நின்றால் மனிதர் பத்து நிமிடம் தாங்கமாட்டார்.

முன்பு மூன்று பேர் பார்த்த வேலை. இப்போது இவளும் 'துணை' என்ற பேசும் கணினியும்தான். அறைகளைக் கவனிப்பதும் கேள்வி கேட்பதும் துணை. சம்மதம் சொல்வது சுஜீவா. அவள் சொல்லாமல் அது ஒரு லைட்டைக்கூட அணைக்காது. அவள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே யாழ்ப்பாணத் தமிழையும் பிடித்துக்கொண்டது, கெட்டிக்காரக் கழுதை.

அவளுக்கோ ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும், யாழ்ப்பாணத்து 'ஆமாம்' ஆன "ஓம், ஓம்" என்பாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், சரி என்றல்ல. நம்மாட்களுக்கு அது விளங்கும். துணைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒவ்வொரு ஓமையும் சம்மதமாகவே, அவளுடைய குரலோடு பதிவுசெய்து சேர்த்து வைத்தது.

"அங்கிள் நல்ல நித்திரை. மெஷின் சத்தம் குழப்புது. நிப்பாட்டவோ, அக்கா?"

"ஐயோ, வேண்டாம்! அவரின்ர மூச்சே அதிலதான்..."

"ஓம்." துணை ஒலிக்கவிட்டது, களைப்பில் அரைக்கவனமாக அவள் எப்போதோ சொன்ன அதே ஓம்.

புஸ் சத்தம் நின்றது.

ஓடினாள். ஏழாம் அறைப் பூட்டும் துணையின் பொறுப்பில்தான்.

"கதவைத் திற!"

"நீங்கள் களைச்சுப் போனீங்கள், அக்கா. இனி எல்லாத்தையும் நானே பாக்கட்டோ?"

"இல்லை! இல்லையெண்டு சொல்லுறனெல்லே!"

"ஓம், ஓம்."

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அங்கிள் விழித்திருந்தார். கை எழுந்தது. தடவியது. மணியை அழுத்தியது.

"இந்தா வாறன், அங்கிள்," என்றது உள்ளே ஸ்பீக்கரில் சுஜீவாவின் குரல்.

அவள் கண்ணாடியில் அடித்தாள். கத்தினாள். அங்கிளின் செவிக்கு எட்டவில்லை. காது மந்தமான அவருடைய செவிக்கருவியும் துணையோடுதான் இணைந்திருந்தது; அது விட்டதுதான் அவருக்குக் கேட்கும்.

அவர் சிரித்தார். மணியை விட்டார். ஸ்பீக்கர் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்தபடி, அவள் வருவாள் என்று பார்த்துக்கொண்டே கிடந்தார்.