வீட்டுக்கு இரண்டு பெயர்

காலை ஏழு மணிக்கு ஜெபகனி கைத்திரையில் காலியிடப் பலகையைத் திறந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக தினமும் செய்வதுதான். தூத்துக்குடியில் அவள் வயதுக்காரர்கள் எல்லோரும் அந்நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த அப்பா, இன்றைக்கு எத்தனை என்று கேட்டார். பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே இருக்காது. அன்று ஒன்று இருந்தது. கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் நீர்ப் பரிசோதகர். அதற்கு நேரே அவளுடைய பெயர்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதுதான் முதல் வேலை.

ஆயுள்நீட்சி சிகிச்சை பரவிய பிறகு மனிதர்கள் நூற்றைம்பது வயதுவரை திடமாக நடமாடினார்கள். வயதைக் காட்டி யாரையும் வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்றது சட்டம். ஒருவர் தானாக விலகினால்தான் அடுத்தவருக்கு இடம். வேலையோடு வீடும் வரும். ஒரு வீட்டுக்கு இரண்டு பெயர்கள்தான். வேலை கிடைக்காதவர்கள் எந்த வயதானாலும் பெற்றோர் வீட்டில் பிள்ளைகளாகவே இருந்துகொள்ளலாம். ஆனால் கல்யாணத்தைப் பதிய, இருவரில் ஒருவருக்காவது வேலை வேண்டும். அந்த வீட்டின் இரண்டு பெயர்களும் அவர்களுடையவையாக இருக்க வேண்டும்.

ஜெபகனிக்கும் செல்வினுக்கும் நிச்சயமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் செய்தியைச் சொன்னபோது அவன், அந்த வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று கேட்டான்.

மறுநாளே இருவரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். கதவைத் திறந்தது ஒரு பெண். பார்வைக்கு ஐம்பது சொல்லலாம். பெயர் உலகம்மாள்; வயது நூற்றிருபத்து நான்கு. ஜெபகனிக்குக் கிடைத்த வேலையிலிருந்து விலகிய பிச்சையாவின் மனைவி. அவர், வேலையை விட்டவர்கள் குடியேறும் மலைப்பக்கத்து ஓய்வூருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரமாகியிருந்தது. கூடத்தில் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

நீங்கள் அவரோடு போகவில்லையா என்று ஜெபகனி கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டது அவரு. நான் போடலையே," என்றாள் உலகம்மாள். "போட்டுட்டு வந்துதான் எங்கிட்டயே சொன்னாரு. நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிருதேன் தாயி. நீங்க அளவெடுத்துக்கிடுங்க."

எங்கே போவீர்கள் என்று கேட்டபோது அவள் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். மகன் வீட்டில் மகனும் மருமகளும். மகள் வீட்டில் மகளும் மருமகனும். இரண்டு இரண்டு பெயர்கள். ஓய்வூருக்குப் போகத்தான் வேண்டும்; ஆனால் தன்னைக் கேட்காமல் தன் வாழ்க்கையை முடித்துவைத்த மனிதரோடு அங்கே போய் இன்னும் இருபது, முப்பது வருஷம் எப்படி உட்கார்ந்திருப்பது என்றுதான் தெரியவில்லை என்றாள். அழவில்லை. இருவருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பி நடந்தபோது, வீட்டின் இரண்டாவது பெயராக உலகம்மாளை எழுதிவிடப் போவதாக ஜெபகனி சொன்னாள். செல்வின் நின்றுவிட்டான்.

"பத்தொன்பது வருஷம் ஜெபா. அந்தம்மா யாருன்னே நமக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாதுதான். ஆனா அவங்களை வெளிய அனுப்பிட்டு அந்த அடுப்படியில நின்னு என்னால சமைக்க முடியாது செல்வின்."

இந்த இடத்தை விட்டால் தன் பெயர் வர இன்னும் எத்தனை வருஷமோ என்றான். அவளுக்கும் அது தெரியும். தன் முடிவுக்கு அவன் விலை கொடுக்கிறான் என்பதும் தெரிந்தது. பஸ் நிறுத்தம் வந்ததும் அவன் சொல்லிக்கொள்ளாமல் ஏறிப் போனான்.

அவள் வேலையில் சேர்ந்தாள். உப்பின் அளவைக் கருவி காட்டும். ஆனாலும் ஒரு மிடறு குடித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவள் அவள். நாளுக்கு நாற்பது மிடறு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உலகம்மாள் டிவியில் கபடி பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தனக்கென்று ஒரு கதவும் சாவியும் இருந்தது ஜெபகனிக்குப் பிடித்திருந்தது. அது பிடித்திருந்ததே உறுத்தவும் செய்தது. செல்வினிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சர்ச் வாசலில் அவன் பெட்டியோடு நின்றிருந்தான். கோபம் போகவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"கோபத்தோட வீட்டுல தனியா இருந்து பாத்தேன். உங்கூட இருந்துக்கிட்டே கோபப்படலாம்னு வந்துட்டேன்."

போதகர் தயங்கினார். பதிவு இல்லாத கல்யாணத்தை அவர் அதுவரை நடத்தியதில்லை. ஆனாலும் அடுத்த வாரம் நடத்தி வைத்தார். இரு வீட்டாரும் உலகம்மாளும் தவிர வேறு யாரும் வரவில்லை. அன்று முதல் இரண்டு பேருக்கென அளந்து வந்த தண்ணீரை மூன்று பேர் புழங்கினார்கள். செல்வின் மத்தியானத்துக்குச் சமைத்தான். உலகம்மாள் அதில் உப்புக் குறை சொன்னாள்.

மாதக் கடைசியில் குடியிருப்புக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். மூன்றாவது ஆள் யார் என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரர்," என்றாள் ஜெபகனி. வெளியாள் ஒருவரிடம் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுவே முதல்முறை.

அந்தப் பெண் திரையில் தேடிப் பார்த்தாள். அப்படி ஒரு பதிவு இல்லை. விருந்தாளி என்று வேண்டுமானால் எழுதலாம், எத்தனை நாள் தங்குவார் என்று கேட்டாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த செல்வின், நூறு வருஷம் என்று போடச் சொன்னான். கட்டத்தில் முப்பது நாளுக்கு மேல் ஏறாது என்றாள் அவள். முடிந்ததும் அலுவலகத்தில் வந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

முப்பதாவது நாள் செல்வின் போனான். யாரும் இல்லாத ஒரு ஜன்னல் முன்னால் தான் மட்டும் வெட்கத்தோடு நிற்கப் போகிறோம் என்று நினைத்திருந்தான். விருந்தாளிகள் வரிசை மாடிப்படி இறங்கித் தெருவரை நீண்டிருந்தது. ஆணும் பெண்ணுமாக இருநூறு பேராவது இருப்பார்கள். சிலர் மடக்கு நாற்காலி கொண்டு வந்திருந்தார்கள். அவனுக்கு முன்னால் நின்றவன் தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்கு எத்தனாவது தடவை?" என்று அவன் கேட்டான்.

"இதான் முதல் தடவை."

"எனக்கு நூத்திப் பத்து," என்றான் அவன். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, செல்வினும் நிழலில் நிற்க இடம் விட்டு நகர்ந்தான்.