ரிமோட்டில் ஒரு பச்சை பேட்டரி

மாலை 6.10.

தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டார்கள். அரங்கமே எழுந்து கத்தியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் சக்கர நாற்காலியில் தலை சாய்ந்து செத்துக் கிடந்தார்.

நான்காவது மாடி, கடைசி வீடு. இறந்தவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு அவர் உலகம் அந்த ஒரு கூடத்துக்குள் சுருங்கிவிட்டது. எதிரே தொலைக்காட்சி, வாசல் நிலைக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம், மடியில் ரிமோட். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே 'கார்டு'தான்.

உடலை முதலில் பார்த்தது அவருடைய தம்பி மகன். போலீசுக்குப் போன் செய்ததும் அவர்தான்.

6.40.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஒல்லியான பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். அவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கான்ஸ்டபிள்.

"லிஃப்ட் இல்லாத வீட்டுல எல்லாம் எதுக்கு மேடம் சாகறாங்க?"

"உங்களைக் கேட்டுட்டுச் செத்திருக்கணும்."

இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, இறந்தவரின் விரல்களுக்கிடையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். ஒலியைக் குறைத்தார். உடனே குறைந்தது. பக்கத்து முக்காலியில் ஒரு டீ டம்ளர், அடியில் வெள்ளையாக வண்டல். வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது.

கான்ஸ்டபிள் வாசலுக்கு மேலே பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கார்டு வீட்டுக் கடிகாரம்னா சும்மாவா மேடம்? ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல."

கூட வந்திருந்த போலீஸ் டாக்டர் உடலைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இவரோட இதய மாத்திரையையே பொடி பண்ணி டீயில கலந்திருக்காங்க போல. அஞ்சரை வாக்குல உயிர் போயிருக்கும். குடிச்சது எப்போன்னு கறாரா சொல்ல முடியாது. மூணரைல இருந்து அஞ்சுக்குள்ள எப்ப வேணா இருக்கலாம்."

தம்பி மகன் சமையலறை வாசலில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கண் சிவந்திருந்தது.

"இங்க கடைசியா எப்ப வந்தீங்க?"

"போன வருஷம்."

"இன்னிக்கு என்ன திடீர்னு?"

"பெரியப்பாவைப் பாக்கணும் போல இருந்துச்சு. ஆறு மணிக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்துச்சு. டிவி சத்தம் மட்டும் கேட்டுச்சு. திறந்து பாத்தா..."

"எதையாவது தொட்டீங்களா?"

"கதவைத் தவிர எதையும் தொடல."

"சாவி எத்தனை?"

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு பாத்துக்க வர்ற நர்ஸ்கிட்ட." குரலைத் தாழ்த்தினார். "டீ போட்டுக் குடுக்கறது அந்தம்மாதான். மாத்திரை குடுக்கறதும் அவங்கதான். நான் யார் மேலயும் பழி போடல மேடம்."

"ரொம்ப நல்லது," என்றார் இன்ஸ்பெக்டர்.

7.30. காவல் நிலையம்.

நர்ஸ் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கடல் தாண்டி வேலைக்கு வந்தவள். அவளை வேலைக்கு வைத்த ஏஜென்சிக்காரர் ஏற்கெனவே போன் செய்துவிட்டார். காலைக்குள் விடவில்லையென்றால் அவளுக்கு வேலை கிடையாது, அடுத்த விமானத்தில் ஊருக்கு. ஊரில் அவள் அனுப்புவதில்தான் அம்மாவும் மகளும் சாப்பிடுகிறார்கள். கொலைப்பழியோடு போனால் இனி எந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கும்?

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"நாலு மணிக்கு. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும்தான் என் வேலை."

"டீ?"

"மூணு மணிக்குக் குடுத்தேன். குடிச்சாரு. டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டுத்தான் வந்தேன்."

"சண்டை ஏதாவது?"

அவளுக்கு அந்த நிலையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "தினமும் சண்டைதான் மேடம். ரெண்டு அடிச்சா நான் வாசல்ல நிப்பேன். ஆனா ஒரு நாளாவது திட்டு வாங்காம உள்ள போனதில்ல. 'மணியைப் பாரு, மகாராணி இப்பத்தான் வர்றா'ன்னு சுவத்தைக் காட்டுவாரு. இன்னிக்கு ரிமோட்டுக்கும் சேத்து வாங்கினேன்."

"ரிமோட்டுக்கு என்ன?"

"வேலை செய்யல. நாலு தட்டு தட்டினேன். பேட்டரியை உருட்டி விட்டேன், ரெண்டையும் இடம் மாத்திப் போட்டேன். டிவி ப்ளக்கைப் பிடுங்கி மாட்டினேன். அதுக்கப்புறம் இணைப்பே போயிடுச்சு. ரிமோட்ல ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்கிப் பிடிச்சா லைட் மினுக்கும், டிவி கண்டுபிடிச்சுக்கும். புதுசா வாங்கினப்ப நான்தான் அப்படி இணைச்சுக் குடுத்தேன். இன்னிக்கு லைட்டே வரல. பேட்டரி தீர்ந்துபோச்சு ஐயா, நாளைக்கு வாங்கிட்டு வர்றேன்னு சொன்னேன். 'அதுவரைக்கும் இந்த மிக்ஸி விளம்பரத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கணுமா'ன்னு ஒரே கத்தல்."

கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்தினார். "மிக்ஸி விளம்பரமா? நாங்க போனப்ப கால்பந்து ஓடிட்டிருந்துச்சே."

"கால்பந்தா?" நர்ஸ் நிமிர்ந்தாள். "யார் மாத்தினது?"

கான்ஸ்டபிள் அதையும் எழுதிக்கொண்டார்.

"பொய் சொல்றா மேடம்," என்றார் கான்ஸ்டபிள், அவளை உள்ளே அனுப்பிய பிறகு. "ரிமோட் நல்லாத்தான இருந்துச்சு? உங்க கையாலயே சத்தத்தைக் குறைச்சீங்களே."

"பொய் சொல்றவங்க தங்களைக் காப்பாத்தற மாதிரி பொய் சொல்லுவாங்க. இதுல அவளுக்கு என்ன லாபம்?"

8.20.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனார். இரண்டு அறை அரசுக் குடியிருப்பு. கதவைத் திறந்ததும் விளக்குக்கு முன்னால் தொலைக்காட்சியைப் போடுவது அவர் வழக்கம். எந்த அலைவரிசை என்பது முக்கியமில்லை. உள்ளே ஒரு மனிதக் குரல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலணியைக் கழற்றும்போது பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்தார். கடிகாரம் நின்றுபோய் மாதக்கணக்காகிறது. ஒரு நாள் ரிமோட் உயிரை விட்டபோது, கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, கடிகாரத்திலிருந்து பேட்டரியை உருவி ரிமோட்டில் போட்டார். திருப்பிப் போடவே இல்லை. வீட்டில் மணி பார்த்து அவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஒரு காலணி கையில் இருந்தபடியே நின்றார்.

பிறகு கான்ஸ்டபிளுக்குப் போன் செய்தார். "காலையில ரேகை எடுக்கறவரையும் கூட்டிட்டு வாங்க. நர்ஸையும்."

"எங்க மேடம்?"

"நாலாவது மாடிக்கு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

காலை 8.30.

இன்ஸ்பெக்டர் முதலில் எதிர்வீட்டுத் தையல்காரரின் கதவைத் தட்டி, இரண்டு நிமிடம் பேசினார். பிறகு கார்டின் வீட்டுக்குள் வந்து ரிமோட்டின் பின்மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு பேட்டரி. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"இதுல நீங்க என்ன போட்டிருந்தீங்க?"

"ரெண்டும் சிவப்பு மேடம்," என்றாள் நர்ஸ். "ஒரே அட்டையில வாங்கினது."

"ஏறுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம்.

கான்ஸ்டபிள் நாற்காலியில் ஏறினார். நாற்காலி முனகியது. கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினார். அது ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது சிவப்பு பேட்டரி.

"அட! இடம் மாத்தியிருக்காங்க."

"ரிமோட்டை அசைக்கத் தெம்பில்லாத பேட்டரி கடிகாரத்தை இன்னும் பல நாள் ஓட்டும். வீட்டுக்கு வீடு செய்யற வேலைதான். கேள்வி என்னன்னா, யார் செஞ்சது? சக்கர நாற்காலியில இருக்கறவருக்கு அந்த உயரம் எட்டாது."

"இந்தம்மாவே மாத்தியிருக்கலாமே? மாத்திட்டு, ரிமோட் வேலை செய்யலன்னு கதை விட்டா?"

நர்ஸின் முகம் வெளுத்தது.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை வாங்கி அவளிடம் நீட்டினார். "மணி என்ன?"

"எட்டு நாப்பது." அவள் சுவரில் வெறுமையான ஆணியைப் பார்த்தாள். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. "இது எப்படி மேடம் சரியா இருக்கு?"

கான்ஸ்டபிள் சிரித்தார். "கடிகாரம் சரியா இல்லாம?"

"இல்லைங்க. இது இருபது நிமிஷம் வேகமா இருக்கும். எப்பவுமே. நான் ரெண்டு மணிக்கு வந்தா இதுல ரெண்டு இருபது. அதை வச்சுத்தான் என்னைத் திட்டுவாரு. சரி பண்ணட்டுமான்னு எத்தனையோ தடவை கேட்டேன். தொட விடமாட்டாரு. 'வேகமா இருந்தாத்தான் நாள் சட்டுனு போகுது, விடு'ன்னுவாரு. பேட்டரி தீர்ந்து நான் பச்சை போட்டப்பகூட, கூடவே இருந்து இருபது நிமிஷம் தள்ளி வைக்கச் சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கினார்.

"எதிர்வீட்டுத் தையல்காரரும் அதையேதான் சொன்னாரு," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தக் கடிகாரத்தை நம்பி ஒரு தடவை பஸ்ஸுக்கு ஓடிப்போய் வெயில்ல காஞ்சாராம். சரி, ரேகை எடுக்கச் சொல்லுங்க. மூணு பேட்டரியிலயும்."

11.00.

தம்பி மகன் அதே கூடத்தில் உட்கார வைக்கப்பட்டார். சக்கர நாற்காலி காலியாக அவருக்கு எதிரே இருந்தது. நர்ஸ் சுவரோரம் நின்றாள்.

"நேத்து நீங்க ஆறு மணிக்கு வரல," என்றார் இன்ஸ்பெக்டர். "நாலுக்கு நர்ஸ் போனதும் வந்தீங்க. ஆறுக்கு வந்தது ரெண்டாவது தடவை."

"யார் சொன்னது?"

"கடிகாரம். நாலு மணிக்கு மேல ஒருத்தர் இதைக் கழட்டிப் பேட்டரி மாத்தியிருக்காரு. பேட்டரியை எடுத்தா முள்ளு நின்னுடும். திரும்ப ஓடும்போது நேரம் வைக்கணும். அந்த ஆள் போனைப் பாத்து ரொம்பச் சரியா வச்சுட்டாரு. இந்த வீட்டுக்கு அடிக்கடி வர்ற யாரும் அப்படி வைக்க மாட்டாங்க. நர்ஸ் வச்சிருந்தா இருபது நிமிஷம் தள்ளி வச்சிருப்பா. இந்த வீட்டுச் சாவி இருக்கணும், இந்த வீட்டு வழக்கம் தெரியாம இருக்கணும். அப்படி ஒரே ஆள்தான் இருக்காரு."

"கடிகாரம் சரியா ஓடினா நான் கொலைகாரனா?" அவர் சிரிக்க முயன்றார். "கோர்ட்ல போய் இதைச் சொல்லுங்க, கைதட்டுவாங்க."

"கோர்ட்டுக்கு வேற இருக்கு. டம்ளரை நல்லாத் துடைச்சு, அப்புறம் அவர் கையில ஒருதரம் பிடிக்க வச்சீங்க. தினமும் வர்ற நர்ஸ் தன் ரேகையை எதுக்குத் துடைக்கணும்? அது இங்க இருக்கறது சகஜம்தான். இருக்கக் கூடாதது உங்க ரேகை. டம்ளர், ரிமோட், கடிகாரத்தோட மூடி, எல்லாத்தையும் துடைச்சுட்டீங்க. உள்ள இருக்கற பேட்டரியைத் துடைக்கணும்னு யாருக்கும் தோணாது. பச்சையில உங்க கட்டைவிரல். சிவப்புல ஆள்காட்டி விரல். கதவைத் தவிர எதையும் தொடலன்னு நேத்து எழுதிக் குடுத்திருக்கீங்க."

தம்பி மகன் தன் விரல்களைப் பார்த்தார்.

"வீட்டை வித்துட்டு எங்கயாவது விடுதியில சேந்துக்கோங்கன்னு எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்," என்றார் கடைசியில். "முடியாதுன்னுட்டாரு. எனக்கு வேற வழி இல்ல."

"ரிமோட்டை எதுக்குச் சரி பண்ணீங்க? அதைத் தொடாம இருந்திருந்தா நான் இங்க திரும்பி வந்திருக்கவே மாட்டேன்."

"டீயைக் குடிக்க மாட்டேன்னாரு. 'மொதல்ல இந்த மிக்ஸிக்காரனை நிறுத்துடா, அப்புறம் குடிக்கறேன்'னாரு. கடைக்குப் போனா யாராவது பாத்துடுவாங்க. அதான் கடிகாரத்துல இருந்து... பேட்டரி மாத்தியும் டிவி கேக்கல. ரெண்டு பட்டனை அமுக்குடான்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. லைட் மினுக்கி, திரையில 'இணைந்தது'ன்னு வந்ததும் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. 'ஆட்டம் ஆரம்பிக்குது, கூட உக்காந்து பாத்துட்டுப் போயேன்'னாரு."

"உக்காந்தீங்களா?"

அவர் தலையசைத்து மறுத்தார். "வேலை இருக்குன்னேன். சரிப்பா, அடுத்த தடவைன்னாரு. டீயைக் குடிச்சாரு."

கான்ஸ்டபிள் கைவிலங்கை எடுத்தார்.

12.15.

தம்பி மகனை வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. இன்ஸ்பெக்டர் ஏஜென்சிக்காரருக்குப் போன் செய்து, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லி, வேறு வீடு பார்த்துக் கொடுக்கச் சொன்னார். அந்த ஆள் இரண்டு முறை 'சரிங்க மேடம்' சொல்லும்வரை வைக்கவில்லை.

"நீங்க போகலாம்மா."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை. கட்டட வாசலில் தன் பையைப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னும் என்ன?"

"ஐயாவை எங்க வச்சிருக்காங்க?"

"பெரிய ஆஸ்பத்திரியில. பிணவறையில."

"கூட யாரு இருக்கா?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொள்ள இருந்த ஒரே சொந்தம் சற்று முன்தான் வண்டியேறிப் போனது.

"யாரும் இல்ல."

"அப்ப நான் போறேன். எந்த பஸ் மேடம்?"

"உள்ள விடமாட்டாங்கம்மா."

"வெளிய உக்காந்துக்கறேன். இப்ப மணி ரெண்டாகப் போகுதுல்ல?"

இரண்டு மணி ஆக இன்னும் வெகு நேரம் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லவில்லை. ஜீப்பின் முன்கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க," என்றார்.