விட்டுப்போனது ஏதாவது இருக்கா?

"எல்லாரும் கையை எடுங்க. அவர் சொல்லி முடிக்கட்டும்."

அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் விபத்துச் சிகிச்சை அறையில் அத்தனை கைகளும் நின்றன... கத்தரிக்கோல் பிடித்த கை, ஊசி பிடித்த கை, தலைமை மருத்துவரின் உறை போட்ட கை. எல்லாரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த ஆம்புலன்ஸ்காரனையே பார்த்தார்கள்.

அவன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை.

நனைந்த முடியிலிருந்து ஒரு மழைத்துளி இறங்கி, புருவத்தில் தயங்கி, இமையில் நின்றது. அதற்குக் கீழே திகைத்துப்போன இரண்டு கண்கள்... அழகான கண்கள்தான். அதற்காக அடிபட்டவர் காத்திருக்க முடியுமா?

"என்ன, குரலை வண்டியிலேயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர்... இங்க இதுவரைக்கும் யாரும் நான் சொல்றதைக் கேட்டதில்ல. அதான்..."

"இப்ப கேக்குறோம். சொல்லுங்க."

சொன்னான். எப்படி அடிபட்டார், எங்கே அடி, வழியில் என்ன செய்தோம்... தெளிவாக, ஒரு சொல் அதிகமில்லாமல்.

"விட்டுப்போனது ஏதாவது இருக்கா?"

"இல்ல சிஸ்டர்."

கைகள் மறுபடி பாய்ந்தன.

இப்படி நின்று கேட்பதும் கடைசியில் அந்தக் கேள்வியும் அவள் புதிதாகக் கொண்டுவந்த வழக்கம். அவளும் நர்ஸ்தான். ஆனால் இப்போது அவள் வேலை, அடிபட்டு வந்தவர் வாசலில் இறங்கியதிலிருந்து வீடு திரும்பும்வரை எங்கே என்ன தவறியது என்று தேடுவது. கண்டுபிடித்ததை வாராந்தரக் கூட்டத்தில், ஆம்புலன்ஸ்காரர்கள் உட்பட எல்லார் முன்னாலும் வைப்பது. வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள். அப்பா வாயைத் திறக்கும் முன்பே எத்தனை அலுவலகங்களில் "சரி சரி, போ" என்று அனுப்பியிருக்கிறார்கள்... பார்த்து வளர்ந்தவள். ஒருவர் பேச்சைப் பாதியில் வெட்டுகிறவன் எவ்வளவு பெரிய மருத்துவனானாலும் அவளுக்கு ஆகாது.

அதற்குப் பிறகு அவன் வரும்போதெல்லாம் ஒரு கேள்வியோடு நின்றான்.

"போன வாரம் கொண்டாந்தேனே, கால் உடைஞ்ச பெயின்டர்... எப்படி இருக்காரு?"

"வார்டு சுவர்ல பூச்சு சரியில்லைன்னு எல்லாரையும் திட்டிட்டிருக்காரு."

அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்போடே வண்டி ஏறுவான். இவள் எதற்கோ ஜன்னல் பக்கம் போவாள்.

"ஏன்டி, அவர் இப்பல்லாம் உன்னை சிஸ்டர்னு கூப்பிடுறதில்ல. கவனிச்சியா?" என்றாள் மூத்த நர்ஸ் அக்கா.

"இல்லக்கா. கவனிக்கல."

பொய்.

காய்ச்சலில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துவிட்டு அவள் திரும்பிய அன்று நல்ல மழை. பைக் வழுக்கித் தலையில் அடிபட்ட கணக்கு வாத்தியார் ஒருவரை அவன் கொண்டுவந்தான். நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். கண்கள் ஒருமுறை... ஒரே ஒருமுறை... நின்றன. பிறகு சொன்னான். அவள் தலையாட்டினாள். கைகள் பாய்ந்தன.

அறுவைச் சிகிச்சையில் ரத்தம் நிற்கவில்லை. வெளியே வாத்தியாரின் மனைவி அழுதார். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாருன்னு வண்டியிலேயே சொன்னேனேம்மா..."

அவன் அதைச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

உயிர் மிஞ்சியது. வலது கையும் காலும் அசையவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் வைக்க அவள் இதையும் எழுதினாள். கூட்டத்துக்கு முன் அவன் அவளை வராந்தாவில் நிறுத்தினான்.

"தனியா கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேனே. எதுக்கு அத்தனை பேர் முன்னாடி?"

"உங்க காதுல மட்டும் சொல்லி முடிச்சா, அதே தப்பு அடுத்த வண்டியில வரும்."

"அப்போ உங்களுக்கும் நான் யாரோ ஒரு ஆம்புலன்ஸ்காரன்தான். இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவனைப் பார்த்து நின்றதற்கு ஒரு மனிதர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

கூட்டத்தில் தலைமை மருத்துவர் நாற்காலியில் சாய்ந்தார். "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன். இவங்க பேச்சைக் கேட்டு நிக்கிறது நேர விரயம். நிறுத்திடலாம்."

அவள் எழுந்தாள்.

"அவர் ஒரு விஷயத்தைச் சொல்லல, டாக்டர். உண்மை. ஆனா விட்டுப்போனதைக் கேக்க வேண்டியது நான். நான் கேக்கல."

"ஏன்?"

"கவனம் வேற இடத்துல இருந்தது."

"எங்க?"

"நோயாளி மேல இல்ல. அவ்வளவு போதும். வழக்கத்துல குறை இல்ல, என்கிட்டதான். அதை நிறுத்தாதீங்க. இனிமே அந்தக் கேள்வியை அறையில இருக்குற யார் வேணா கேக்கட்டும்."

வழக்கம் நீடித்தது. அவளுக்கு எச்சரிக்கை வந்தது. கடைசி வரிசையிலிருந்து அவன் எழுந்து, அவளைப் பார்க்காமலே போனான். மறுநாளிலிருந்து அந்த வண்டியில் வேறொருவர் வந்தார்.

அவள் வாத்தியாரைத் தினமும் போய்ப் பார்த்தாள். முதலில் படுக்கையில்... பிறகு சக்கர நாற்காலியில். மழைக்காலம் முடியப்போகிற ஒரு காலையில் உடற்பயிற்சி அறைக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே வாத்தியார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு... அவன். சீருடை இல்லை.

"இவனுக்கு லீவுன்னா எனக்கு லீவு கிடையாதும்மா," என்றார் வாத்தியார், குழறலாக. "தம்பி, கையை எடு. நானே நிக்கிறேன்."

அவன் கைகளை எடுத்தான். வெறும் கைகளோடு அவள் பக்கம் திரும்பினான்.

"கொஞ்சம் சொல்லணும்."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். "சொல்லுங்க."

"உங்க மேல கோவம் இல்ல... வெக்கம். அந்தம்மா சொன்னது காதுலயேதான் இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு உங்களைப் பாத்ததும் போயிடுச்சு. அன்னைக்குக் கூட்டத்துல, கவனம் வேற இடத்துல இருந்ததுன்னீங்க. அது எந்த இடம்னு அங்க எனக்கு மட்டும்தான் தெரியும். சாரையும் இப்படிப் படுக்க வெச்சிட்டு, அதை நெனச்சு சந்தோஷப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அதான் ஓடிட்டேன்."

நிறுத்தினான். ஜன்னலுக்கு வெளியே மெல்லிய தூறல்...

அன்று கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

"விட்டுப்போனது ஏதாவது இருக்கா?"

"இருக்கு." அதே ஈர இமைகள். "உங்களைப் பிடிச்சிருக்கு. குரல் வராம நின்னேனே... அன்னையிலேருந்து."

"எனக்கும்," என்றாள்.

"சொல்லி முடிச்சாச்சுன்னா," என்றார் வாத்தியார், கால் நடுங்க, "யாராவது என்னைப் பிடிங்கப்பா."

நான்கு கைகளும் ஒன்றாக ஓடின.