தங்கம் தேயாத ஜாடி

டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் மல்லாந்து கிடந்தார். பின்னந்தலையில் ரத்தம்... உறைந்து கறுத்திருந்தது.

அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. காலையில் பல் டாக்டர் போட்ட ஊசியில் பாதி முகம் மரத்திருந்தது. மீதி உடம்புக்கு ஊசி தேவைப்படவில்லை.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார்.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் சார்," என்றான் இறந்தவரின் தம்பி. "பதினோரு மணிக்கு வந்தேன். அண்ணி டாக்டர்கிட்ட போயிருந்தாங்க. ஸ்டூல்ல ஏறி எதையோ எடுக்கப் போய் விழுந்திருக்காரு."

"ஏதாவது காணாம போயிருக்காம்மா?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். அவர் தேடித்தேடிச் சேர்த்த பழைய ஜப்பானிய சட்சுமா ஜாடிகள். தந்த நிறம். மயிரிழை விரிசலோடிய மெருகு. அதன்மேல் எனாமல் பூக்கள், தங்கப் பூச்சு.

"இல்ல சார். முப்பத்தொண்ணும் இருக்கு."

தம்பி மூச்சு விட்டான்.

"ஆனா மூணாவது தட்டுல ஓரத்துல இருக்கிறது எங்க ஜாடி இல்ல."

"அண்ணி... அதிர்ச்சியில என்ன பேசறோம்னே தெரியாம..."

"தினமும் துடைக்கிறவ நான். கழுத்தைப் பிடிச்சுத்தான் தூக்குவேன். என் கட்டைவிரல் பட்டுப்பட்டு அங்க தங்கம் தேஞ்சிருக்கும். இதுல புதுசா மின்னுது."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மின்னியது.

யாரோ அச்சு அசலாக ஒன்றைச் செய்து மாற்றி வைத்திருக்கிறார்கள். மாற்றுகிற நேரத்தில் வீட்டுக்காரர் வந்துவிட்டால்...?

"உங்க கார் சாவியைக் குடுங்க, சார்."

தம்பியின் கை பாக்கெட்டை விட்டு வரவில்லை. கான்ஸ்டபிள் இழுத்து வெளியே எடுத்தார்.

ஐந்தே நிமிடம். டிக்கியில், ஸ்டெப்னிக்குக் கீழே, துண்டில் சுற்றியபடி... ஜாடி! கழுத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தங்கம் இல்லை.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணன் பாதியில வந்துட்டாரு. கையைப் பிடிச்சாரு... தள்ளினேன். அலமாரி விளிம்புல தலை பட்டுடுச்சு. கொல்லணும்னு நினைக்கல சார். இதை வாங்க வெளிநாட்டுல ஒருத்தன் காத்திருந்தான்..."

"ஒரிஜினலாவது பத்திரமா கிடைச்சுதேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதுவும் போலிதான் சார்."

அவள் குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"என்ன சொல்றீங்க?"

"பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தம்பிக்கு ஈரல் கெட்டுப்போச்சு. பிழைக்க மாட்டாருன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஜாடியெல்லாம் வித்து அலமாரியையே காலி பண்ணி ஆபரேஷன் செஞ்சு வச்சாரு."

தம்பி தலையை நிமிர்த்தினான்.

"என்ன அண்ணி... ஆபீஸ்ல லோன் போட்டேன்னுதானே சொன்னாரு?"

"உங்களுக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படும்னு அப்படிச் சொன்னாரு தம்பி. நீங்க வீடு திரும்பறதுக்குள்ள முப்பத்தொண்ணுக்கும் நகல் செஞ்சு அடுக்கிட்டாரு. நான் இத்தனை வருஷம் துடைச்சது எல்லாம் அந்த நகலைத்தான்."

தம்பியின் கை தன் வயிற்றுத் தழும்புக்குப் போனது.

விலங்கை மாட்டிக்கொண்டே இன்ஸ்பெக்டர் சொன்னார்:

"இந்த ரூம்ல ஒரே ஒரு ஒரிஜினல்தான்டா இருந்திருக்கு. கரெக்டா அதைப் பார்த்துக் கீழ தள்ளியிருக்கே."